இரண்டு கைத்துப்பாக்கிகள்



தருமபுரி மாவட்டத்திலுள்ள மாரண்டஹள்ளியைத் தக்காளி வணிகர்கள் நன்கு அறிவர். சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அஃது ஒரு சிறு நிலையம். மேற்கே சின்னாறும் பஞ்சப்பள்ளி அணையும். அவற்றுக்கு அப்பால் காடும் மலையும். அவ்வூரில் பள்ளியிறுதி வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தன் தந்தையுடன் என் வீட்டுக்கு வந்தாள். தந்தை தக்காளி பயிரிடுபவர். மகளுக்குக் கைத்துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஈடுபட வேண்டும் என்று ஆசை. ஓசூரில் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் அவளுடைய தாய்மாமன், மருமகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை இதற்காகத் தர இசைந்திருந்தார். பணம் ஒரு முறைதான் கிடைக்கும். வாங்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

"ஐயா, ஏர் பிஸ்டல் வாங்குவதா, பாயிண்ட் டூ டூ வாங்குவதா?" என்று அவள் கேட்டாள். அவளுடைய மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது. காற்றால் சுடுவது சிறுபிள்ளைகளுக்கு. மருந்தால் சுடுவதே மெய்யான துப்பாக்கி என்பது அவள் எண்ணம்.

தந்தை கேட்ட கேள்வி வேறு. "துப்பாக்கின்னா போலீசு வீட்டுக்கு வராதுங்களா, சார்?" என்றார். அவருடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் துப்பாக்கி என்றவுடன் நினைவுக்கு வருவது உரிமமில்லாத நாட்டுத்துப்பாக்கியும், அதை ஒப்படைத்துவிடுமாறு காவல்துறையும் வனத்துறையும் விடுக்கும் அறிவிப்புமே ஆகும்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன். மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையில் நீண்ட துப்பாக்கியைப் பழகி, பின்னர் மேற்சொன்ன கைத்துப்பாக்கிகள் இரண்டையும் போட்டிகளில் ஏந்தி, பதக்கம் ஏதும் பெறாமல் வீடு திரும்பியவன். வெற்றி பெற்றவன் என்ற முறையில் அன்று, இரண்டிலும் தோற்றவன் என்ற முறையில் அம்மாணவிக்கு நான் சொன்னவற்றையே இங்கு உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சொல்லிவிடலாம். இரண்டையும் நின்றபடியே சுட வேண்டும். ஒரே கையால் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்குத் தாங்கல் எதுவும் கூடாது. குறிபார்ப்பதற்குத் தொலைநோக்காடி கிடையாது. குழலின் முனையில் நிற்கும் முன்குறி, பின்புறத்தில் சதுரப் பிளவுடன் இருக்கும் பின்குறி, இவ்விரண்டையும் கண்ணால் ஒழுங்குபடுத்தியே சுட வேண்டும். தகுதிச் சுற்றில் இரண்டிலும் 60 குண்டுகள்; ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பு 10; ஆக 600 புள்ளிகள்.

இனி வேற்றுமைகளைக் காண்போம். காற்றுக் கைத்துப்பாக்கி 10 மீட்டர் தொலைவுக்கு உரியது. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர். குழலுக்குக் கீழே நீண்ட உருளையொன்று இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பர். மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று 2 பார் அளவினது என்பதை நினைத்தால், இது அதனைப்போல் நூறு மடங்கு என்பது விளங்கும். ஒவ்வொரு முறையும் அளந்தாற்போல் சிறிது காற்று வெளிப்பட்டு, அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் மோரினி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தர், பெயின்வெர்க்பவ் ஆகியவை இவற்றைச் செய்யும் புகழ்பெற்ற நிறுவனங்கள்.

பாயிண்ட் டூ டூ என்று நாம் வழங்குவது 5.6 மில்லிமீட்டர் உள்விட்டமும் மருந்துத் தோட்டாவும் கொண்டது. 25 மீட்டர் தொலைவுக்கு உரியது. ஒரு கூட்டில் ஐந்து தோட்டாக்களை இட்டுச் செருகினால், ஒவ்வொன்றாகச் சுடச்சுட அடுத்த தோட்டா தானே குழலுக்குள் ஏறிவிடும். குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். வேகம் நொடிக்கு 250 முதல் 300 மீட்டர் வரை. இத்தாலியின் பார்டினி இவ்வகையில் பெயர் பெற்றது.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். காற்றுத் துப்பாக்கியின் குண்டுக்கு அது 6 ஜூல். மருந்துத் துப்பாக்கியின் குண்டுக்கு 90 ஜூலுக்கு அருகில். அடுத்து, நிறையையும் வேகத்தையும் மட்டும் பெருக்குங்கள். கையை உதைக்கும் உந்தம் கிடைக்கும். அதில் இரண்டாவது முதலாவதைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. காற்றுத் துப்பாக்கி சுடும்போது கையில் ஏதோ ஒன்று சிணுங்கினாற்போல் இருக்கும். மற்றதோ குழலை மேல்நோக்கி எறியும். அவ்வாறு எறியப்பட்ட குழல் எங்கிருந்து புறப்பட்டதோ அதே இடத்துக்கு மீண்டும் வந்து அமருமாறு உடம்பைப் பழக்குவதுதான் அத்துப்பாக்கியின் பெரும்பாடு.

இதைக் கேட்டவுடன் அம்மாணவியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் அதுதான் கடினமானது; அதைத்தானே கற்க வேண்டும்?" என்றாள். பொறு என்று சொல்லி, அவள் தந்தை கொண்டுவந்திருந்த பையிலிருந்து நடுத்தரமான தக்காளி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தேன். அதனருகே என் சட்டைப் பொத்தானைக் காட்டினேன்.

மகளிர் 25 மீட்டர் போட்டியின் முதற்பாதியில், 10 புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒரு தக்காளியின் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் துப்பாக்கியின் இலக்கில் அதே 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான். தக்காளி 25 மீட்டர் தொலைவில் இருக்கிறது, பொத்தான் 10 மீட்டரில்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தக்காளியை 10 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுவந்தால் அதே தோற்றத்தைத் தருவதற்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒத்த முக்கோணங்களின் விதிப்படி 20 மில்லிமீட்டர். ஆகவே, கண்ணுக்கும் கைக்கும் உண்மையான போட்டி 20 மில்லிமீட்டருக்கும் 11.5 மில்லிமீட்டருக்கும் இடையில்தான். சிறுபிள்ளைத் துப்பாக்கி என்று அவள் இகழ்ந்ததன் இலக்கு ஏறக்குறையப் பாதியளவே உள்ளது.

நியாயத்துக்கு மாறாகப் பேசக்கூடாது; ஆதலால் மறுபக்கத்தையும் கூறிவிடுகிறேன். காற்றுத் துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள தொலைவு 32 சென்டிமீட்டர் அளவு இருக்கலாம். மருந்துத் துப்பாக்கியிலோ அது 22 சென்டிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. குறிகளுக்கிடையே தொலைவு குறையக் குறையப் பிழை பெருகும். காற்றுத் துப்பாக்கியில் முன்குறி ஒரு மயிரிழை அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால், குண்டு இலக்கில் 3 மில்லிமீட்டர் விலகும். 25 மீட்டர் துப்பாக்கியில் அதே மயிரிழை 11 மில்லிமீட்டருக்கு மேல் விலக்கிவிடும். ஆகவே குறிபார்க்கும் பிழையைப் பொறுத்தவரை இரண்டும் நெருங்கி வந்துவிடுகின்றன. கையின் நடுக்கத்தைப் பொறுத்தவரையில்தான் பொத்தான் இரக்கம் காட்டுவதில்லை.

போட்டியின் பிற்பாதியில் 25 மீட்டர் துப்பாக்கியின் இயல்பே மாறிவிடுகிறது. நடுவட்டம் 100 மில்லிமீட்டராக, ஒரு தேங்காய் மூடியளவு பெரிதாகிறது. ஆனால் கையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கையை உயர்த்தி, குறிபார்த்து, ஒரு குண்டைச் சுட்டுவிட வேண்டும். அதற்குள்ள காலம் 3 நொடி. பின்பு 7 நொடி சிவப்பு விளக்கு. மீண்டும் 3 நொடி பச்சை. இவ்வாறு ஐந்து முறை ஒரு தொடர். ஐயத்துக்கு அங்கே இடமில்லை. காற்றுத் துப்பாக்கியிலோ 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் கையைத் தாழ்த்தி மூச்சுவிட்டு மீண்டும் உயர்த்தலாம். பத்து முறைகூட உயர்த்தலாம். வேகம் ஒருவரைச் சோதிப்பதுபோலவே அளவற்ற ஓய்வும் சோதிக்கும் என்பது சுட்டுப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். நான் மாநிலப் போட்டியொன்றில் என் கடைசி ஐந்து குண்டுகளுக்கு 20 நிமிடம் வைத்துக்கொண்டு, அந்த 20 நிமிடத்தையும் எண்ணியெண்ணியே கெடுத்தேன்.

வெறுங்கணக்கு எதையும் மெய்ப்பித்துவிடாது என்று சிலர் கருதலாம். அவர்களுக்காக ஒரே வீராங்கனை, ஒரே வாரத்தில், இரண்டு துப்பாக்கிகளையும் ஏந்திய வரலாற்றைச் சொல்கிறேன். அரியானா மாநிலத்து ஜஜ்ஜர் மாவட்டத்தில் கோரியா என்னும் சிற்றூரில் 2002-ஆம் ஆண்டில் பிறந்தவர் மனு பாக்கர். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியின் தகுதிச் சுற்றுகளில் அவர் காற்றுத் துப்பாக்கியில் பெற்றது 580. 25 மீட்டர் துப்பாக்கியில் பெற்றது 590. பின்னதில் மெதுவாகச் சுட்ட முற்பாதியில் 294, மூன்று நொடிப் பிற்பாதியில் 296. அதே கை; அதே கண். பொத்தானுக்கும் தக்காளிக்கும் தேங்காய் மூடிக்கும் உள்ள வேற்றுமை அந்த எண்களில் அப்படியே தெரிகின்றதன்றோ?

ஆயினும் பதக்கம் எதில் கிடைத்தது என்று பாருங்கள். ஜூலை 28-ஆம் நாள் காற்றுத் துப்பாக்கி இறுதிச் சுற்றில் 221.7 புள்ளிகளுடன் அவர் வெண்கலம் பெற்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இறுதிச் சுற்றில் ஒவ்வொரு குண்டையும் பதின்மக் கூறுவரை அளப்பார்கள். அவர் வெளியேறிய தருணத்தில் அவருக்கு மேலிருந்த கொரிய வீராங்கனையின் எண்ணிக்கை 221.8. பத்தில் ஒரு புள்ளி என்பது இலக்கில் 0.8 மில்லிமீட்டர். இருபத்திரண்டு குண்டுகளில் ஏதாவது ஒன்று, ஒரு நெல்மணியின் பருமனைவிடக் குறைவான அளவு நடுவை நோக்கி நகர்ந்திருந்தால் எண்ணிக்கை சமமாகியிருக்கும். ஜூலை 30-ஆம் நாள் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் போட்டியில் கொரிய இணையை 16-க்கு 10 என்ற கணக்கில் வென்று மற்றொரு வெண்கலம். அதுவும் காற்றுத் துப்பாக்கியே. ஆகஸ்டு 3-ஆம் நாள் 25 மீட்டர் துப்பாக்கியின் இறுதிச் சுற்றில், மூன்றாம் இடத்துக்கான கூடுதல் சுற்றில் ஹங்கேரியின் வெரோனிகா மேயரிடம் தோற்று நான்காம் இடம் பெற்றார். தகுதிச் சுற்றில் எதில் கூடுதல் எண்ணிக்கை பெற்றாரோ அதில் பதக்கம் இல்லை. தக்காளி பெரிதுதான், ஆனால் அது எல்லோருக்கும் பெரிது என்பதை மறக்கலாகாது.

அதே கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி பெற்றவர்களுள் ஒருவர் துருக்கியின் யூசுப் டிகேச். 51 வயது, கண்ணை மறைக்கும் கருவிகள் எவையும் இன்றிச் சாதாரண மூக்குக்கண்ணாடியுடன், ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவர் நின்ற கோலம் உலகெங்கும் பேசப்பட்டது. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து நமக்கு வந்தது என்று அகராதிக்காரர்கள் கூறுவர். சொல்லைத் தந்த நாட்டவரே அதை எப்படி எளிமையாகப் பிடிப்பது என்றும் காட்டிவிட்டார் போலும். விலையுயர்ந்த கண்ணாடிச் சட்டங்களையும் காலணிகளையும் பட்டியலிட்டுக்கொண்டு வரும் மாணவர்களுக்கு நான் அவருடைய படத்தைக் காட்டுவதுண்டு.

மருந்துத் துப்பாக்கியை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டா. 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் விரைவுப் போட்டியில் இராணுவ வீரர் விஜயகுமார் வெள்ளி வென்றது இவ்வகைத் துப்பாக்கியால்தான். 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் கோலாப்பூரைச் சேர்ந்த ராஹி சர்னோபத் தங்கம் வென்றதும் 25 மீட்டரில்தான். நம் மாநிலத்திலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் கலந்துகொண்டபோது திரண்ட கூட்டத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். வந்தவர்களுள் எத்தனை பேர் இலக்கைப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

துப்பாக்கியின் விசையைப்பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் சுடுவதென்பது பெரும்பாலும் விசையை இழுப்பதுதான். நம் முன்னோர் இதனைத் துப்பாக்கியின் குதிரை என்றனர். குதிரையைத் தட்டினான் என்று பழைய கதைகளில் வரும். இலக்குத் துப்பாக்கியில் குதிரையைத் தட்டுபவன் கெட்டான். போட்டிக்கு முன் அதிகாரிகள் குழலைச் செங்குத்தாகப் பிடித்து விசையில் ஓர் எடையைத் தொங்கவிடுவார்கள். காற்றுத் துப்பாக்கியின் விசை 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 25 மீட்டர் துப்பாக்கியின் விசை 1000 கிராமைத் தாங்க வேண்டும். தாங்காமல் விடுபட்டால் அத்துப்பாக்கி தகுதியற்றது. ஆக, இரண்டாவதன் விசை இரண்டு மடங்கு கனமானது. அதையும் 3 நொடிக்குள் இழுக்க வேண்டும். கனமான விசையை அவசரமாக இழுக்கும்போது கை முழுவதும் இறுகும். குழல் கீழே இடப்புறம் தாழும். இதைத்தான் தொடக்கக்காரர்கள் துப்பாக்கியின் கோளாறு என்பார்கள்.

இலேசான விசையிலும் ஒரு பொறி இருக்கிறது. காற்றுத் துப்பாக்கியின் குண்டு மெதுவாகச் செல்வது. விசை விடுபட்ட பின்னும் குழலுக்குள் அது தங்கும் காலம், மருந்துத் துப்பாக்கியின் குண்டு தங்கும் காலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்குதானே என்று எண்ணாதீர்கள்; அதற்குள் கை தளர்ந்துவிட்டால் பொத்தான் தப்பிவிடும். சுட்ட பின்னும் சுடாதவன்போல் நிற்கத் தெரிய வேண்டும். ஆசிரியர்கள் இதைத்தான் திரும்பத்திரும்பச் சொல்வார்கள். மருந்துத் துப்பாக்கியில் அந்தப் பிழை உதைப்பின் ஆரவாரத்தில் மறைந்துவிடும். காற்றுத் துப்பாக்கி அதை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். முதலில் எதைப் பழக வேண்டும் என்ற என் கருத்து இதிலிருந்தே பிறந்தது. உதைக்காத துப்பாக்கியில் தன் பிழையைக் கண்டு திருத்தாதவர், உதைக்கும் துப்பாக்கியில் அதைக் காணவே மாட்டார்.

காற்றுத் துப்பாக்கிகளிலேயே விசை இருவகைப்படும். ஒன்று எஃகு உறுப்புகள் ஒன்றிலொன்று மாட்டி விடுபடும் பழைய முறை. மற்றொன்று மின்கலத்தால் இயங்கும் மின்விசை. மோரினியின் மின்விசைத் துப்பாக்கியை உலகின் தலைசிறந்த வீரர் பலர் விரும்புகின்றனர். விரல் தொட்டதும் கண்ணாடிக் குச்சி முறிந்தாற்போல் விடுபடும். ஆனால் எப்பொறியும் பழுதுபடக்கூடியதே. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவில் பழுதுற்றது. அதைச் சரிசெய்துகொண்டு அவர் மேடைக்குத் திரும்புவதற்குள் கால்மணி நேரத்துக்கு மேல் கழிந்துவிட்டது. போட்டிக் கடிகாரமோ நிற்கவில்லை. எஞ்சிய குண்டுகளை விரைந்து சுட்டு 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் முடித்தார். இறுதிச் சுற்றுக்குச் சென்ற எட்டாமவரைவிட இரண்டே புள்ளி குறைவு. பாரிஸில் அவர் பெற்ற வெண்கலத்துக்கு முன்னால் இந்த இரண்டு புள்ளிகளும், அவற்றோடு அவர் வாழ்ந்த மூன்று ஆண்டுகளும் நிற்கின்றன.

இனி அத்தந்தையின் கேள்விக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இந்நாட்டில் துப்பாக்கிகளை ஆள்கிறது. மருந்துத் தோட்டாவால் சுடும் எந்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். தோட்டாவை வாங்குவதற்கும் வேண்டும். 21 வயது நிரம்பாதவர் அத்தகைய துப்பாக்கியை வைத்திருப்பதை அச்சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இலக்குப் பயிற்சிக்கு மட்டும், விதிகளுக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டு விலக்கு அளிக்கிறது. காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஓர் எல்லை வகுத்தன. குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால் உரிமம் வேண்டுவதில்லை. நாம் முன்பு கணக்கிட்ட 6 ஜூல் இவ்விடத்தில் உதவுகிறது. விற்பவர் வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பெற்றுக் குறித்துக்கொள்வார், அவ்வளவே.

"ஆகவே போலீசு வராது. ஆனால் இதைக்கொண்டு தோப்பில் கொக்கையோ மயிலையோ சுட்டால் கட்டாயம் வருவார்கள், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் துப்பாக்கி பெரிதா சிறிதா என்ற வேற்றுமை இல்லை" என்றேன். அவர் சிரித்தார். 6 ஜூல் என்பது ஒரு மனிதனின் கண்ணைப் பறிக்கப் போதும் என்பதையும் சொன்னேன், அப்போது சிரிக்கவில்லை. குண்டு இடப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நேரம் வரும்வரை விரல் விசையின்மேல் படக்கூடாது. இவ்விரண்டையும் அவர் தம் மகளிடம் இரண்டு முறை திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுப் பயிற்சியிலும் வேற்றுமை உண்டு. மாரண்டஹள்ளியில் 25 மீட்டர் சுடுகளம் கிடையாது. அத்தகைய களத்துக்குக் குண்டுகளைத் தாங்கும் மண்ணணையும் அரசின் ஒப்புதலும் வேண்டும். பெருநகரங்களிலுள்ள சங்கங்களில்தான் அது வாய்க்கும். காற்றுத் துப்பாக்கிக்கோ ஒரு நீண்ட கூடமும் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும் போதும். குண்டே இல்லாமலும் பழகலாம். பெரும்பாலான போட்டிக் காற்றுத் துப்பாக்கிகளில் காற்று வெளிப்படாமல் விசை மட்டும் இயங்கும்படி ஓர் அமைப்பு உண்டு. சுவருக்கு எதிரே நின்று நாள்தோறும் நூறு முறை விசையை இழுத்தால், துப்பாக்கிக்கும் தேய்மானமில்லை, பணமும் செலவில்லை. பாயிண்ட் டூ டூ துப்பாக்கியில் வெறுமனே விசையை இழுத்தால், தோட்டா இல்லாத இடத்தில் ஊசி எஃகு விளிம்பின்மேல் மோதும். பல துப்பாக்கிகளில் இரண்டும் கெடும். அதற்கென்று போலித் தோட்டா இட்டே பழக வேண்டும்.

துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு. ஒரு லிட்டர் நீர் நிரம்பிய புட்டியின் எடை, போட்டிக் கைத்துப்பாக்கியின் எடைக்கு அருகில் வரும். அதைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பத்து நொடி அசையாமல் பிடித்துத் தாழ்த்த வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது முறை. இலக்கின் கரும்பகுதியின் விட்டம் 59.5 மில்லிமீட்டர். வீட்டில் 10 மீட்டர் இடம் இல்லாதவர்கள், 5 மீட்டர் தொலைவில் சுவரில் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கரிய வட்டம் வரைந்துகொண்டால் கண்ணுக்கு ஒன்றுதான்.

புதிய துப்பாக்கியின் விலை இலட்ச ரூபாயைத் தாண்டிவிடும் என்பதைக் கேட்டுத் தந்தை வாய்திறவாமல் இருந்தார். தக்காளி விலை எந்த வாரம் எப்படி இருக்கும் என்று அறியாதவருக்கு இலட்சம் என்பது வேறு பொருள் தரும் சொல். ஆதலால் உடனே எதையும் வாங்க வேண்டா என்றும், சங்கங்களில் பொதுப் பயிற்சிக்கென வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கியில் ஆறு மாதம் பழகிப் பார்க்கட்டும் என்றும் கூறினேன். அதன் பின்னும் ஆசை குறையாவிட்டால் ஒருவர் பயன்படுத்திய துப்பாக்கியை வாங்கலாம். அப்போது பார்க்க வேண்டியது மேற்பூச்சோ மரக் கைப்பிடியின் அழகோ அன்று. காற்றுருளையில் பொறித்துள்ள ஆண்டு. உருளைக்கு ஆயுள் பத்தாண்டுகள்தான். அதற்குமேல் 200 பார் அழுத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது விவேகமாகாது. கைப்பிடியும் முக்கியமே. அது உள்ளங்கைக்கு அளவாகச் செதுக்கப்பட்டது. ஓர் ஆணின் பெரிய கைக்குச் செதுக்கியதை ஒரு பெண் வாங்கினால், செருப்புக் கடிப்பதைப்போல் நாள்தோறும் கடிக்கும்.

அம்மாணவி ஏமாற்றத்துடனேயே எழுந்து சென்றாள். தக்காளியை மட்டும் மேசைமீதே விட்டுச் சென்றார்கள்.

அதன் பின் அவள் பதினைந்து நாளுக்கொரு முறை இரயிலேறிச் சங்கமொன்றுக்குச் சென்று பழகினாள். மற்ற நாள்களில் நீர்ப்புட்டியும் சுவரும்தான். முதன்முறை 60 குண்டுகளும் சுட்டபோது அவள் பெற்றது 471. எட்டு மாதங்கள் கழித்து 532. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். பாயிண்ட் டூ டூவைப்பற்றி இம்முறை அவள் ஏதும் கேட்கவில்லை. பெங்களூரில் ஒருவர் தம்முடைய காற்றுத் துப்பாக்கியை விற்கிறாராம். கைப்பிடி அவளுடைய கைக்குச் சற்றே பெரிது. உருளையில் 2019 என்று பொறித்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டாள். கைப்பிடியை அரத்தால் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம், உருளை 2029 வரைதான் செல்லும், ஆகவே புதிய உருளையின் விலையைக் கழித்துக்கொண்டு கேள் என்று சொன்னேன். மறுமுனையில் அவளுடைய தந்தை, தக்காளிச் சந்தையில் பழகிய குரலில், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்பது எனக்குக் கேட்டது.